இன்கமிங்

மே பதினெட்டு, ராத்திரி எட்டேகால்.
அலமாரி மேல் செத்துக் கிடந்த போன்
ஒரு தடவை துடித்தது.
ரீசார்ஜ் ஆகிவிட்டதாம். இருபத்தெட்டு நாள்.

நான் போடவில்லை.
மங்கையும் போடவில்லை.
பொய் சொன்னால் மூக்கைத் தடவுவாள்,
தடவவில்லை.

"வேலை வந்தால் கூப்பிடுகிறோம்" என்று
சிப்காட் சாயக் கம்பெனி அனுப்பிவைத்து எழுபது நாள்.
போகிற அழைப்பு முதலில் நின்றது,
பிறகு வருகிறதும்.
இனி எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று
கேட்கலாமென்று போனேன்.
கேட்டில் ஒரு நாய் மட்டும் இருந்தது.
அதுவும் பழைய பழக்கத்தில் வாலாட்டியது.

உண்மையைச் சொன்னால்
போன் செத்ததில் எனக்கு நிம்மதி.
குழு லோன், பைக் டியூ,
"சாப்பிட்டியாடா" என்று கேட்டுவிட்டு
பண்ருட்டி அக்கா விடுகிற பெருமூச்சு,
எல்லாம் ஒரே நாளில் ஓய்ந்தது.
எல்லாவற்றுக்கும் மேலே தனக்கோட்டி.

பெயரில்தான் தனம்.
ஓ.டி. துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன்.
தடைக்காலம், படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது.
மீனில்லாத ஊரில் ஐஸை யார் தலையில் கொட்டுவது?
தை மாசம், மங்கைக்கு ஆபரேஷன் என்றதும்
மகள் காலேஜுக்கு வைத்திருந்ததில்
பதினெட்டாயிரம் எடுத்துக் கொடுத்தான்.
அவன் எண்ணவில்லை.
நான்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து
எண்ணினேன், இரண்டு தடவை.

ஏப்ரலில் எட்டு முறை கூப்பிட்டான்.
மேஜை மேல் அதிர்ந்து அதிர்ந்து
நண்டு மாதிரி நகர்ந்து
விளிம்புக்கு வந்து நிற்கும் போன்.
எட்டு முறையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவனோ நம்பர் தப்பிப் போட்டிருப்பான் என்றேன் மங்கையிடம்.
எவன் வீட்டு இருபத்தெட்டு நாளோ, பாவம்.
சொல்லி முடிக்கவில்லை,
நண்டு நகரத் தொடங்கிவிட்டது.
அவன் பெயர்.

மங்கை ஒன்றும் சொல்லவில்லை.
தோசைக்கல்லை இறக்கிவைத்தாள்,
சத்தம் குறையட்டும் என்று.

"எத்திராசு. கேக்குதா?"
"ம்."
"கூப்பிட்டா எவளோ ஒருத்தி
நீ சேவையில இல்லன்றா.
திட்டறதுக்கு ஒரு நம்பர் வேணாமாடா?
நூத்தித் தொண்ணூத்தொம்போது போட்டேன்."

திட்டினான்.
என் அம்மாவை மட்டும் விட்டுவிட்டான்,
அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான்.
பிறகு கொஞ்ச நேரம் காற்று இரைந்தது.
"பலாப்பழம் ஒண்ணு கிடக்குது. பதினாலு கிலோ.
வீட்ல எண்ணெய் இல்ல.
நல்லெண்ணெய் இருந்தா எடுத்துக்கினு வா."

அடிபாட்டிலில் இருந்ததை எடுத்துக்கொண்டு
குடிகாட்டிலிருந்து சைக்கிள் மிதித்தேன்.
ரோட்டில் மருந்து நாற்றம் இல்லை.
இருபது வருஷம் சபித்த நாற்றம்.
மூக்கு அதைத் தேடிக்கொண்டே வந்தது,
சம்பள நாளைத் தேடுவது மாதிரி.

சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான்.
இளைத்திருந்தான்.
நானும் இளைத்திருப்பேன், அவன் பார்த்த பார்வையில் தெரிந்தது.
எண்ணெய் போதவில்லை.
நாலு கையிலும் பிசின்.
அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.
"பைனான்ஸ்காரன். அடிக்கட்டும்,
கை ஒழியல" என்றான் பழத்தைப் பார்த்து.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவனுக்கும். இருமும் வரைக்கும் சிரித்தோம்.

சுளை பாதி மங்கைக்கு,
கொட்டையெல்லாம் அவன் வீட்டுக் குழம்புக்கு.
கிளம்பும்போது ஆரம்பித்தேன்:
"அந்தப் பதினெட்டாயிரம்..."

"பதினெட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்போது"
என்றான், மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி.
"ரீசார்ஜை எங்கடா விட்ட?"

கடன் ஏறிப்போய்த் திரும்பினேன்.
பெடலில் எடை இல்லை.

போனில் இன்னும் பிசின் போகவில்லை.
யார் கூப்பிட்டாலும்
காதில் ஒட்டிக்கொள்கிறது.